விலை திரும்பி வந்ததையும் சொல்லிவிடுகிறேன்

தம்பி,

திங்கட்கிழமை காலை நீ புடுராயா பஸ் நிலையத்தில் சிங்கப்பூர் பஸ் ஏறி, அங்கே வங்கி வேலைக்குப் போகிறாய். முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்த உன் அப்பாவுக்கு மகன் பஸ்ஸில் போவதில் கொஞ்சம் வருத்தம். அதனால்தான் காலையிலிருந்து உன் பெட்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறேன் என்று வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். நேற்று கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நீ என்னிடம் கேட்டாய்: "அம்மா, நீங்க அத்தனை வருஷம் பேங்க் டீலிங் ரூம்ல இருந்தீங்க. ஸ்டாப் எங்க போடணும், டார்கெட் எங்க வைக்கணும், சிக்னல் ரெண்டுக்கும் எதிரா சொன்னா யார் பேச்சைக் கேக்கணும்? ஒரே வரியில சொல்லுங்களேன்." நான் "முதல்ல ரசத்தை ஊத்திக்கோ" என்றேன். நீ சிரித்தாய். ஒரு வரியில் சொல்லலாம்தான். ஆனால் அந்த ஒரு வரியை உனக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். நீ தேர்விலும் எழுதியிருப்பாய். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. அதில் ஒரு ஆள் இருக்கிறார், உனக்குத் தெரிந்த ஆள்தான். அவரைப் பற்றி இவ்வளவு காலம் பேசாமல் இருந்தேன். போன வாரம் அவரே சொல்லச் சொல்லிவிட்டார்.

நான் அந்த அறைக்குள் போனது ஆசைப்பட்டு இல்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் வங்கியில் டெலக்ஸ் அடிக்கச் சேர்ந்தேன். எழுபதுகளில் ரிங்கிட்டின் விலையைச் சந்தையில் மிதக்க விட்ட பிறகு வெளிநாட்டுப் பணம் வாங்கி விற்கத் தனியாக ஒரு அறை திறந்தார்கள். அங்கே ஆள் போதவில்லை. தலைமை டீலர் மிஸ்டர் டான் என்னைக் கூப்பிட்டு, "டெலக்ஸ்ல பாதி இங்கிருந்துதான் போகுது, நீங்க இங்கேயே உட்கார்ந்துக்கலாமே" என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது நம் வீட்டுக்கு டெலிபோன்கூட கிடையாது. "ஒரே நேரத்துல ரெண்டு போன்ல பேசுற வேலையா? உனக்குச் சரியா வரும்" என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த விவாதம்.

வேலையில் முக்கால்வாசி வாடிக்கையாளர்களுக்குத்தான். கிள்ளானில் இயந்திரம் இறக்குமதி செய்கிறவர், செமினி பக்கம் ரப்பர் பொருள் ஏற்றுமதி செய்கிறவர், இப்படி. மீதி நேரத்தில் வங்கிக்காக நாங்களே ஒரு சின்ன அளவுக்குள் வாங்கி விற்கலாம். சுவரில் பெரிய கிராப் தாள் ஒட்டியிருக்கும். தினமும் மாலையில் அன்றைய விலைக்கு ஒரு புள்ளி வைப்போம். ஐந்து நாள் சராசரி நீல மையில், இருபது நாள் சராசரி சிவப்பு மையில். நீலம் சிவப்பைக் கீழிருந்து வெட்டி மேலே போனால் வாங்கு, மேலிருந்து வெட்டிக் கீழே வந்தால் விற்றுவிடு. அதைத்தான் சிக்னல் என்போம். உனக்குக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுத் தருகிற கோட்டை நாங்கள் கால்குலேட்டர் வைத்துக் கணக்குப் போட்டு, ஸ்கேல் வைத்து இழுத்தோம். இப்போதும் அந்தக் கோடு அதே கோடுதான். நடந்து முடிந்ததைத்தான் அது சொல்லும், கொஞ்சம் தாமதமாகவும் சொல்லும். இதை மட்டும் மறக்காதே.

முதல் வருஷம் நான் எல்லாரையும் போலத்தான். விலையின் கடைசி இலக்கத்தில் பத்துப் புள்ளி லாபம் தெரிந்தால் கை பரபரக்கும், விற்றுவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவேன். நஷ்டம் என்றால் ஐம்பது புள்ளி ஆனாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு மாதம் மிஸ்டர் டான் என் சீட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினார். பத்தில் ஏழு முறை ஜெயித்திருந்தேன். மொத்தத்தில் நஷ்டம். "ஏழு முறை உங்க கணிப்பு சரி. இருந்தும் வங்கிக்கு நஷ்டம். எப்படி?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு வாங்குவதற்கு முன்னாலேயே இரண்டு விலையும் எழுதிவிடுவேன்: நஷ்டத்தை ஒப்புக்கொண்டு வெளியே வருகிற ஸ்டாப், லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற டார்கெட். எங்கே போனால் என் கணிப்பு தப்பு என்று சார்ட் சொல்கிறதோ, அங்கே ஸ்டாப். வலிக்க ஆரம்பிக்கும் இடத்தில் போடக்கூடாது. அது சந்தைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், சும்மா ஒரு அசைவில் உன்னை வெளியே தள்ளிவிடும். ஸ்டாப் தூரமாக இருக்க வேண்டும் என்று சார்ட் சொன்னால், தூரமாகவே போட்டுவிட்டு வாங்குகிற அளவைக் குறை. டார்கெட் அந்தத் தூரத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கிறதா பார். வழியில் விலை பல முறை முட்டித் திரும்பிய இடம் ஏதாவது இருந்தால், டார்கெட் அதற்கு இந்தப் பக்கமே இருக்கட்டும். அப்படி வைத்தால் இரண்டு மடங்கு வரவில்லையா, அந்த வியாபாரமே வேண்டாம். சிக்னல் வந்துவிட்டதே என்பதற்காக உள்ளே போகாதே. சிக்னல் தினமும் வரும்.

செல்வா எங்கள் அறைக்கு வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. அவன் கிள்ளான் பக்கம் பண்டமாரான் பையன். அவன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கிளார்க்காகச் சேர்ந்து, எங்கள் சீட்டுகளைச் சரிபார்க்கிற வேலையில் இருந்து, பிறகு ஜூனியர் டீலராக வந்தான். வேகமான மூளை. நாங்கள் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் விலை சொல்லிவிடுவான். எனக்குத் தம்பி கிடையாது. அவனுக்கு அக்கா கிடையாது, ஒரு தங்கச்சிதான். அப்படி ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து உன்னை முன்னால் உட்காரவைத்துக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கக் கூட்டிப்போவான். உன் அப்பாவுக்கு உள்ளூரப் பயம். "மெதுவாப் போப்பா" என்று வாசலில் நின்று கத்துவார். உனக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ பெரியவனான பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டாய், செல்வா அங்கிள் ஏன் வருவதே இல்லை என்று. "அவருக்கு வேலை லா" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாயே, அன்றைக்கு மதியம்தான் முதல் விஷயம் நடந்தது. நான் அமெரிக்க டாலர் வாங்கி ஜெர்மன் மார்க் விற்று வைத்திருந்தேன். ஹெட்மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. ஸ்டாப்பும் டார்கெட்டும் எழுதிய சீட்டைச் செல்வாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, உன் அழுகை எல்லாம் முடிந்து மறுநாள் அறைக்குப் போனால், செல்வா வாயெல்லாம் பல்லாக நிற்கிறான்.

"அக்கா, டார்கெட் அடிச்சிருச்சு!"

நான் டீலர்கள் பார்க்கிற திரையின் பழைய விலைகளைப் பார்த்தேன். டார்கெட்டுக்குப் போவதற்கு முன்னால் விலை என் ஸ்டாப்புக்குக் கீழே போய் வந்திருந்தது. "செல்வா, இது ஸ்டாப்பைத் தாண்டியிருக்கே?"

"கொஞ்சம்தான் அக்கா, பத்துப் புள்ளி. நீலக்கோடு மேலதான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, அந்த நேரம் பார்த்து நஷ்டமா போகணும்? நான் விக்கல. வெயிட் பண்ணேன்."

என் மேல் இருந்த அன்பில்தான் செய்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும் அந்தச் சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "இது என் லாபம் இல்ல செல்வா. நான் எழுதிக் கொடுத்தது நஷ்டம்தான். நீ நஷ்டப்பட்டிருந்தாக்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. மிஸ்டர் டானிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். "லாபம் லாபம்தான் லா. பையன் துணிச்சலா இருக்கான்" என்றார். ஒரு மாதம் கழித்துச் செல்வாவுக்குச் சொந்தமாக வாங்கி விற்க ஒரு அளவு, அதாவது லிமிட், கொடுத்தார்கள்.

ஆறேழு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள். மிஸ்டர் டான் கூட்டத்துக்காகப் பினாங்கு போயிருந்தார். அறையில் நான்தான் மூத்தவள். செல்வா முந்தின நாள் டாலர் வாங்கியிருந்தான். நீலக்கோடு சிவப்பை வெட்டி மேலே போயிருந்தது, வாங்கியதில் தப்பே இல்லை, நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். ஸ்டாப்பும் சரியான இடத்தில்தான் எழுதியிருந்தான். காலையில் விலை அதை நோக்கி இறங்க ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் சீட்டை எடுத்து ஸ்டாப்பை அடித்துவிட்டு முப்பது புள்ளி கீழே எழுதுவதைப் பார்த்தேன்.

"ஏன் மாத்துற?"

"இது சும்மா ஆட்டம் அக்கா. கோடு இன்னும் மேலதான் இருக்கு."

நான் கேட்டேன், "காலையில நீ சும்மா இருந்திருந்தா, இப்போ புதுசா இந்த விலைக்கு வாங்குவியா?" அவன் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்தான். மூன்று மணிக்கு மேல் ஐரோப்பாவில் வங்கிகள் திறந்ததும் விலை பொலபொலவென்று விழுந்தது. புதிய ஸ்டாப்பும் போனது. நீலக்கோடு இப்போது அவனுக்கு உதவாது. அதனால் வேறொரு கணக்கைத் தேடி எடுத்தான். அளவுக்கு மேல் விற்றாகிவிட்டது, இனி ஏறித்தான் ஆக வேண்டும் என்று சொல்கிற எண் ஒன்று இருக்கிறதே, அது. அந்த எண் பொய் சொல்லாது. ஆனால் எப்போது ஏறும் என்றும் சொல்லாது. ஒரு சிக்னலை நம்பி உள்ளே போனவன், அது கைவிட்டதும் இன்னொரு சிக்னலைக் கூப்பிட்டால், அந்த நேரத்தில் அவன் சந்தையைப் பார்க்கவில்லை. தனக்கு ஒரு சாட்சி தேடுகிறான்.

அந்த விலையில் எங்கள் அறைக்கே ஒரு நாளைக்கு விதித்திருந்த நஷ்ட எல்லை வந்துவிட்டது. நான் எழுந்து அவன் மேசைக்குப் போனேன். "மூடிடு, செல்வா."

"அக்கா, கொஞ்சம் பொறுங்க லா. இதே அளவு இன்னொரு தடவை வாங்கினா சராசரி விலை கீழ வந்துரும். கொஞ்சம் ஏறினாலே வெளிய வந்துரலாம்."

"மூடு."

"இந்த மாசம் என்னை கன்ஃபர்ம் பண்றாங்க அக்கா. தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்கோம். உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அந்தப் பெண் பார்க்கிற சடங்குக்கு நானும்தான் போயிருந்தேன். என் கை போன் மேல் இருந்தது. அவன் கண் என் கை மேல் இருந்தது. அறையில் எல்லாரும் தங்கள் திரையைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தார்கள். நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியைக் கூப்பிட்டு விலை கேட்டேன். சொன்னார்கள். "யுவர்ஸ்" என்றேன். எங்கள் தொழிலில் விற்றுவிட்டேன் என்பதற்கு அந்த ஒரு சொல்தான். போனை வைத்தேன்.

செல்வா எழுந்தான். நாற்காலியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டான். கதவுக்கிட்டே போய் நின்று சொன்னான்: "உங்க பையன் கை உடைஞ்ச அன்னைக்கு நான் உங்களுக்காக வெயிட் பண்ணேன். நீங்க எனக்காகப் பண்ணல." போய்விட்டான்.

மிஸ்டர் டான் வந்ததும் விசாரணை நடந்தது. நஷ்டத்தைவிட, எழுதிய ஸ்டாப்பை அவன் மதிக்காததுதான் பெரிதாகப் பேசப்பட்டது. என் சீட்டில் அவன் அதையே செய்தபோது துணிச்சல் என்று சொன்னதை யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை. நான் ஞாபகப்படுத்தினேன். மிஸ்டர் டான் தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். செல்வாவை ஒரு கிளைக்கு, கவுண்டருக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. கொஞ்ச நாளில் அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது நீ முக்கியமாகக் கேட்க வேண்டியது வருகிறது. நான் விற்ற பிறகு விலை இன்னும் கீழே போனது. மறுநாளும் போனது. அறையில் எல்லாரும் நல்லவேளை என்றார்கள். பிறகு நின்றது. திரும்பியது. இரண்டு வாரம் ஆவதற்குள் செல்வா வாங்கிய விலையைத் தாண்டி, அவன் எழுதியிருந்த டார்கெட்டையும் தாண்டிப் போய்விட்டது. அன்றைக்கு மாலை கிராப் தாளில் புள்ளி வைக்கிற முறை என்னுடையது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் இருந்தவர், "கொஞ்சம் வெயிட் பண்ணியிருந்தா…" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் புள்ளியை வைத்தேன். பேனாவை மூடினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். நீ இங்கிலீஷ் ஹோம்வொர்க் காட்டினாய், பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "நீ செஞ்சது சரியா தப்பா?" என்று கேட்டார். "சரி" என்றேன். "அப்புறம் ஏன் அழுவுற?" என்றார். காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். நடுவில் விலை போன ஆழத்துக்கு, அவன் கேட்டபடி இரண்டு மடங்கு வைத்திருந்தால், வங்கியே கழுத்தைப் பிடித்து மூட வைத்திருக்கும், அதுவும் அடிமட்ட விலையில். இது உண்மையான கணக்கு. நான் பல முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் அடிமட்டம்வரை பிடித்துத் தாங்கி மேலே வந்திருக்கவே முடியாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. யாராலும் முடியாது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்பதைச் சந்தை நமக்குக் காட்டாது.

பண்டமாரானுக்குப் போனேன். அவன் அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். உள்ளறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் வெளியே வரவில்லை. தங்கச்சி கல்யாணம் நின்றுபோகவில்லை, ஆனால் தள்ளிப்போனது. பத்திரிகை நமக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு நான் பல வருஷம் அதே நாற்காலியில் இருந்தேன். ஸ்டாப் அடிபட்டு வெளியே வந்த பிறகு விலை திரும்பியது எத்தனையோ முறை. அடிபட்ட பிறகு பாதாளத்துக்கே போனதும் அத்தனை முறை. இரண்டும் ஒன்றுதான் என்று மனசுக்குப் பழக்குவதுதான் இந்தத் தொழிலில் பெரிய வேலை. மற்றதெல்லாம் கணக்கு. லாபத்தில் இருக்கும்போது ஸ்டாப்பை லாபத்தின் பக்கம் நகர்த்தலாம், அதற்கு முழு அனுமதி உண்டு. நஷ்டத்தின் பக்கம் நகர்த்தக்கூடாது. டார்கெட் வருவதற்கு முன்பே நீ எந்தக் கோட்டைப் பார்த்து உள்ளே போனாயோ அதே கோடு எதிராகத் திரும்பினால், வெளியே வா, வருத்தப்படாதே. வேறு கோட்டிடம் யோசனை கேட்காதே. உன் தலைவர் நீ தப்பாகச் சம்பாதித்ததைப் பாராட்டினால், அன்றைக்கு அதிகம் ஜாக்கிரதையாக இரு.

ரிங்கிட்டை ஒரே விலையில் கட்டிப்போட்ட பிறகு இங்கே டீலிங் அறைகளில் சத்தமே இல்லை என்கிறார்கள். அதனால்தான் நீ அங்கே போகிறாய். போன வாரம் உனக்குச் செலவுக்குச் சிங்கப்பூர் டாலர் மாற்றக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் செல்வா மணி சேஞ்சர் கடை வைத்திருப்பது எனக்கு இரண்டு மூன்று வருஷமாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விடுவேன். அன்றைக்கு உள்ளே போனேன். தலை பாதி நரைத்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தான். எழுந்து நின்றான்.

"வாங்கக்கா."

பணத்தை நீட்டினேன். "சிங்கப்பூர் டாலர் வேணும்."

"டூர் போறீங்களா?"

"பையனுக்கு. அங்க பேங்க்ல சேர்றான். டீலிங் ரூம்."

எண்ணிக்கொண்டிருந்த கை நின்றது. நோட்டுகளைக் கவுண்டரில் வைத்தான். பிறகு, "கையெல்லாம் சரியா இருக்கா அவனுக்கு?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான். கடைப் பையனை டீ வாங்க அனுப்பினான். தங்கச்சிக்கு மூன்று பிள்ளைகளாம். கடை நன்றாகப் போகிறதாம். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் இருப்பதுதான் வருமானம், எந்தப் பணத்தையும் ஏறும் என்று நம்பிப் பிடித்து வைப்பதில்லை என்றான். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டான்: "என்னைப் பத்தி அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"சொல்லுங்க. பேரைச் சொல்லியே சொல்லுங்க. அந்த ரூமுக்குப் போறவன் தெரிஞ்சுக்கணும்." பிறகு கவுண்டரில் குனிந்து என் முகத்தை நேராகப் பார்த்தான். "ஆனா விலை திரும்பி வந்துச்சுன்றதையும் சொல்லணும் அக்கா. அதை விட்டுட்டு சொன்னீங்கன்னா அது பிள்ளைங்களுக்குச் சொல்ற கதை."

"சொல்றேன்" என்றேன்.

"இப்பவும் மூடியிருப்பீங்களா?"

"மூடியிருப்பேன் செல்வா."

தலையை ஆட்டினான். சரி என்கிற மாதிரியா, தெரியும் என்கிற மாதிரியா, எனக்குப் புரியவில்லை. டாலரை உறையில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து எண்ணினால் ஐம்பது கூடுதலாக இருந்தது. அது செல்வா அங்கிள் உனக்குக் கொடுத்தது. சிங்கப்பூர் போனதும் அவருக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல். கடை நம்பர் உறைக்குப் பின்னால் இருக்கிறது.

நீயும் ஒரு நாள் எழுதிவைத்தபடி ஸ்டாப்பில் வெளியே வருவாய். வந்த பிறகு விலை திரும்பி, நீ சொன்ன பக்கமே போய், டார்கெட்டைத் தாண்டி நிற்கும். பக்கத்து மேசையில் ஒருவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு போன் பண்ணு. லாபம் வந்த நாளில் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்குப் பண்ணு. எவ்வளவு போச்சு என்று கேட்க மாட்டேன். நீ செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன், அது உனக்கே தெரிந்திருக்கும். நீ பேசுகிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா